எட்டாம் லயத்துக்கு என்ன பேர்?

ஊவா மாகாண வரைபடத்தை எந்த போன்ல திறந்தாலும் முதல்ல கண்ணில படுறது எல்லதான். ஒன்பது வளைவுப் பாலம், லிட்டில் ஆதம்ஸ் பீக், அதைச் சுத்தி கஃபே, ஹோட்டல், ஹோம்ஸ்டே. கொஞ்சம் மேற்கால நகர்த்தினா பண்டாரவளை, அப்புத்தளை, அங்கிருந்து லிப்டன்ஸ் சீட். தாமஸ் லிப்டன் உட்கார்ந்து தன்னோட தோட்டத்தைப் பார்த்த இடம்னு அதுக்கு ஒரு படக்குறியும் பேரும் இருக்கு. அதுக்குக் கீழ இருக்கிற தம்பேதன்னை தோட்டத்தில லயம் லயமா சனம் இருக்காங்க. நாங்க பார்த்தப்ப அந்த லயங்கள் இருந்த இடம் வெறும் பச்சையாத்தான் இருந்தது. துரை உட்கார்ந்த கல்லுக்குப் பேர் இருக்கு. அவருக்குக் கொழுந்து பறிச்சவங்களோட பேரப்பிள்ளைகள் இன்னைக்கும் இருக்கிற லயத்துக்குப் பேர் இல்ல.

நாங்க ஆறேழு பேர். பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளை பக்கத்துப் பிள்ளைகள். ரெண்டு பேருக்குத்தான் கோடு எழுத வரும், மற்றவங்களுக்கு நடக்க வரும். எங்க தோட்டங்களை வரைபடத்தில பேரோட காட்டணும்னு ஆரம்பிச்ச வேலை இது. புள்ளி வைக்கிறதுல பெரிய கஷ்டம் இல்ல. செய்மதிப் படத்தில தகரக் கூரை நல்லாத் தெரியும். அந்தப் புள்ளி மேல என்ன எழுதுறது, எந்த எழுத்தில எழுதுறது, எப்ப காட்டுறது, எப்ப மறைக்கிறது, இதுலதான் மாசக்கணக்கு போச்சு. அதைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

பேருக்காக ஏன் இவ்வளவு பாடுன்னு கேட்டவங்க இருக்காங்க. 2014 அக்டோபர் 29 காலையில கொஸ்லந்தை மீரியபெத்தையில மலை சரிஞ்சு லயங்களை மூடிச்சு. அந்த இடம் ஆபத்துன்னு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லயும் 2011லயும் எச்சரிச்சிருந்தது. மண் மூடின பிறகு உள்ளே எத்தனை பேர்ங்கிற எண்ணே நாளுக்கு நாள் மாறிக்கிட்டு இருந்தது. முதல்ல நூற்றுக்கணக்குன்னாங்க, பிறகு குறைச்சாங்க. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்தப்ப பதுளை மாவட்டத்தில மறுபடியும் பல இடங்களில மண்சரிவு.

எச்சரிக்கை வர்ற விதத்தைப் பாருங்க. 24 மணித்தியாலத்தில 75 மில்லிமீட்டர் மழை தாண்டினா மஞ்சள், விழிப்பா இருக்கணும். 100 தாண்டினா செம்மஞ்சள், வெளியேறத் தயாராகணும். 150 தாண்டினா, இல்லன்னா ஒரே மணித்தியாலத்தில 75 பெய்ஞ்சா, சிவப்பு. உடனே வெளியேறணும். இந்த அறிவிப்பு பிரதேச செயலகப் பிரிவோட பேர்ல வரும்: ஹல்தும்முல்ல, பசறை, ஹாலிஎல, ஊவா பரணகம. ஒரு பிரிவுக்குள்ள எத்தனையோ தோட்டம், ஒரு தோட்டத்துக்குள்ள மேக்கணக்கு, நடுக்கணக்கு, கீழ்க்கணக்கு, ஒரு கணக்குக்குள்ள பல லயம். ‘ஹல்தும்முல்ல - சிவப்பு’ன்னு போன்ல வர்ற செய்தி, மேக்கணக்கில இருக்கிற ஒரு அம்மாயிக்கு ‘உங்க லயம்’னு போய்ச் சேரணும்னா இடையில இத்தனை பேரும் எழுதப்பட்டிருக்கணும். எதிர்ப்பக்கமும் அப்படித்தான். 1990க்கு அடிச்சு அம்புலன்ஸ் கேட்டா முதல் கேள்வி ‘எங்க இருக்கீங்க?’ லயத்துக்கு விலாசம் இல்லாத ஊர்ல, தப்பால் எல்லாம் தோட்டத்து ஒஃபிஸுக்கு வர்ற ஊர்ல, அதுக்குப் பதில் சொல்றது லேசில்ல.

இனி வேலைக்கு வருவோம். வரைபடத்தில ஒரு பேர்ங்கிறது மூணு விஷயம். ஒன்னு, இடத்தோட அகலாங்கும் நெட்டாங்கும். ரெண்டு, அந்த இடத்தோட ஒட்டின தகவல். மூணு, அந்தத் தகவலை எப்படிக் காட்டணும்னு சொல்ற விதி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல யார் வேணும்னாலும் தகவலைச் சேர்க்கலாம். 2004ல தொடங்கின திட்டம் அது. ஒரே இடத்துக்குப் பல பேர் வைக்க இடம் இருக்கு. பொதுப் பேருக்கு ‘நேம்’, தமிழுக்கு ‘நேம்:டிஏ’, சிங்களத்துக்கு ‘நேம்:எஸ்ஐ’, உள்ளூர் வழக்குக்கு ஒன்னு, பழைய பேருக்கு ஒன்னு, எண் இருந்தா அதுக்குத் தனியா ஒன்னு. தகவல் ஒரு பக்கம், காட்டுற விதி இன்னொரு பக்கம். இந்தப் பிரிவினை புரிஞ்சதும் பாதி வேலை லேசாச்சு. ‘தமிழ்ப் பேர் இருந்தா அதைக் காட்டு, இல்லன்னா பொதுப் பேரைக் காட்டு’ன்னு ஒரு வரி விதி எழுதினா போதும், மாவட்டம் முழுக்க மாறிடும்.

ஆனா தமிழ்ப் பேர் எதுன்னு முடிவு பண்றதே ஒரு வேலை. கொஸ்லந்த, கொஸ்லந்தை, கொஸ்லாந்தை. அப்புத்தளை, ஹப்புத்தளை. பூணாகலை, பூனாகல. பத்திரிகையில ஒன்னு, பஸ் போர்டுல ஒன்னு, பள்ளிக்கூடப் பலகையில ஒன்னு. பதுளை பாதையில ரயில்ல போனவங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூணும் ஒரே பலகையில இருக்கும். பதுளைக்கு ரயில் 1924ல வந்தது. ஸ்டேஷன் பலகை இருக்கிற ஊருக்கு அதையே எடுத்துக்கிட்டோம். மற்ற வழக்குகளை மாற்றுப் பேர் கட்டத்தில போட்டோம், யார் எப்படித் தேடினாலும் கிடைக்கட்டும்னு. சிங்களத்தையும் விடல. மண்ணு சரிஞ்சா தோண்ட வர்ற ராணுவக்காரருக்கும் அம்புலன்ஸ் ஓட்டுறவருக்கும் அந்தப் பலகை வாசிக்க வரணும். எங்க பேரைத் தமிழ்ல எழுதுறது எங்களுக்காக. சிங்களத்தில எழுதுறதும் எங்களுக்காகத்தான்.

அடுத்தது எழுத்து. முதல்ல மேப்லிப்ரேங்கிற நிரல் தொகுப்பை எடுத்தோம். மேப்பொக்ஸ் 2020 டிசம்பர்ல தன்னோட உரிமத்தை மூடினப்ப அதிலிருந்து பிரிஞ்சு வந்த திறந்த மூலத் தொகுப்பு. வேகம், அழகு, எல்லாம் இருக்கு. ‘கொஸ்லந்தை’னு போட்டா திரையில ககரம் முதல்ல, அதுக்குப் பிறகு கொம்பும் காலும் தனியா நிக்குது. தையில ஐகாரக் குறி எழுத்துக்குப் பின்னால போய் நிக்குது. தமிழ் யுனிகோட்ல முதல்ல மெய்யோட குறியீடு, பிறகு உயிர்க்குறியோட குறியீடுன்னுதான் சேமிப்பாங்க. கொம்பை முன்னால கொண்டு போய் வைக்கிறது காட்டுற நிரலோட வேலை. நாங்க எடுத்த பதிப்பு அந்த வேலையைச் செய்யல. அது எழுத்துகளை 256 குறியீடு கொண்ட கட்டுக் கட்டா இறக்கி, வந்த வரிசையிலேயே ஒட்டும். தமிழ் 2816 முதல் 3071 வரைக்கும் உள்ள கட்டில, ஒடியா எழுத்துகளோட சேர்ந்து இருக்கு. ஆங்கிலத்துக்கு அந்த முறை சரி. கொம்பு, கால், புள்ளி உள்ள மொழிக்குப் பத்தாது.

அதனால ஓப்பன்லேயர்ஸுக்கு மாறினோம். 2006ல வந்த பழைய தொகுப்பு. அது எழுத்தைத் தானா ஒட்டாம பிரவுசர்கிட்ட ‘இதை எழுதித் தா’ன்னு கேட்குது. பிரவுசருக்குத் தமிழ் தெரியும். லீஃப்லெட்லயும் பேரை எச்டிஎம்எல் துண்டாப் போட்டா இதே வழிதான். புதுசு, வேகமானதுங்கிறதுக்காக ஒன்னை எடுக்கிறதுக்கு முதல்ல, அதில உங்க ஊர்ப் பேரை எழுதிப் பாருங்க. கொகர, தைகாரம் உள்ள பேராப் பார்த்து எழுதுங்க. ‘பதுளை’யில ளையைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்.

எழுத்தை எண்ணுறதிலயும் இதே கதை. நம்ம கண்ணுக்கு ‘கொஸ்லந்தை’ ஐந்து எழுத்து: கொ, ஸ், ல, ந், தை. ஜாவாஸ்கிரிப்ட்கிட்ட நீளம் கேட்டா ஒன்பதுன்னு சொல்லும், ஏன்னா குறிகளையும் புள்ளியையும் தனித்தனியா எண்ணுது. நீளமான பேரை மூணோட வெட்டுன்னு சொன்னா ‘கொஸ’னு வெட்டும், புள்ளி போயிடும். இதுக்கு இன்டல் செக்மென்டர்னு ஒரு வசதி மொழியிலேயே இருக்கு. நாம எழுத்துன்னு நினைக்கிறதை அதுவும் எழுத்துன்னே எண்ணும். பேரை ரெண்டு வரியா உடைக்கிறப்ப இதை வச்சுத்தான் உடைக்கிறோம்.

உடைக்க வேண்டிய தேவை ஏன் வந்ததுன்னா, மோதல். திரையில இடம் கொஞ்சம், பேர் நிறைய. எல்லாத்தையும் காட்டினா ஒன்னையும் வாசிக்க முடியாது. ஓப்பன்லேயர்ஸ்ல ‘டிகிளட்டர்’னு ஒரு சொடுக்கு இருக்கு. அதைப் போட்டா ஒவ்வொரு பேரையும் சுத்தி ஒரு பெட்டி போட்டு, முன்னுரிமை வரிசையில ஒன்னொன்னா வைக்கும். ஏற்கெனவே வச்ச பெட்டியில இடிச்சா அந்தப் பேரை விட்டுடும். முன்னுரிமை சொல்லலன்னா யார் தப்புறாங்கங்கிறது கோப்பில இருக்கிற வரிசையைப் பொறுத்தது. இதில ரெண்டு விஷயம் கவனிச்சோம். தமிழ்ப் பேர் ஆங்கிலப் பேரை விட அகலம் கூட. பெட்டி அகலமானா இடிக்கிற வாய்ப்பும் கூட. அப்ப சமமா நடத்தினாலும் தமிழ்ப் பேர்தான் முதல்ல விழும். ரெண்டாவது, எது முக்கியம்னு யாரோ ஒருத்தர் எங்கேயோ உட்கார்ந்து எண் போட்டிருக்காங்க. ஹோட்டலுக்குப் பெரிய எண், சின்ன ஊருக்குச் சின்ன எண். கெட்ட எண்ணம்னு சொல்ல வரல. அவங்க வரைபடம் சுற்றுலா வர்றவங்களுக்கு. ஆனா விதி எழுதுற கை யாருடையதோ அவங்களுக்கு வேண்டிய பேர்தான் திரையில நிக்கும்.

எங்க விதியில வரிசை இப்படி: மழைக்கு ஒதுங்கப் போற பள்ளிக்கூடம், மண்டபம், கோயில். பிறகு டிஸ்பென்சரி. பிறகு லயம். பிறகு பிள்ளைக்காம்பரா, கொழுந்து மடுவம், பிரட்டுக்களம். பிறகு ஸ்டோர், ஒஃபிஸ். துரை பங்களா கடைசி. கடைசியில போட்டதில கொஞ்சம் சந்தோஷமும் இருந்துச்சுன்னு ஒளிக்காம சொல்லிடுறோம்.

எந்த ஜூம்ல எது வரணும்னும் கணக்குப் போடணும். நம்ம ஊர்ப் பக்கம் ஜூம் 12ல ஒரு பிக்சல் சுமார் 38 மீட்டர். ஒரு லயமே அதுக்குள்ள அடங்கிடும், அதில பேர் எழுதிப் பிரயோசனம் இல்ல. ஜூம் 17ல ஒரு பிக்சல் 1.2 மீட்டர் மாதிரி. அப்ப ஒவ்வொரு லயத்தோட கூரையும் தெரியும். அதனால 12ல தோட்டப் பேர், 14ல கணக்கு, 16க்கு மேல லயம். ஒதுங்குற இடத்தோட படக்குறி மட்டும் எல்லா ஜூம்லயும் நிக்கும்.

படக்குறிகள் தனிக் கதை. வாசிக்கத் தெரியாத பெரியவங்க இருக்கிற வீட்டில பேரை விட படம்தான் பேசும். கிடைச்ச படத் தொகுப்புகள்ல கஃபேக்குக் கோப்பை இருக்கு, பாருக்கும் இருக்கு. கொழுந்து மடுவத்துக்கு எதுவும் இல்ல. தராசு ஒன்னு வரைஞ்சோம். பிள்ளைக்காம்பராவுக்கு ஏணை. பீலிக்கு மூங்கில் குழாயிலிருந்து விழுற தண்ணி. படத்தை வைக்கிறப்ப அதோட எந்தப் புள்ளி நிலத்தில நிக்கணும்னு சொல்லணும். ஊசி மாதிரி படம்னா அடி நுனி நிக்கணும், நடு இல்ல. சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஜூம் 15ல 20 பிக்சல் தள்ளி நின்னா அது நிலத்தில சுமார் 95 மீட்டர். சமவெளியில பரவாயில்ல. நம்ம மலையில 95 மீட்டர்னா பள்ளிக்கூடத்துக்கும் ஓடைக்கும் உள்ள தூரம்.

இதெல்லாம் கோடு. கோடு தீர்க்காத ஒன்னு இருக்கு. அதுதான் எங்களை நிறைய நாள் நிறுத்தி வச்சது.

தோட்டப் பதிவுல லயத்துக்கு எண்தான். ஒன்னாம் லயம், எட்டாம் லயம். நடந்து போய் கேட்டப்ப ஒரு அம்மாயி சொன்னாங்க, “எட்டுன்னு போடாத தம்பி. அது தொர வச்ச நம்பரு. நாங்க பீலிக்கரை லயம்னுதான் சொல்லுவோம்.” அவங்க வீட்டு ஐயா உடனே, “யாரு சொன்னா? மாடசாமி கோயில் லயம்னு சொல்லு” என்றார். தண்ணி தூக்கினவங்களுக்குப் பீலி அடையாளம், சாமிக்கு வெட்டினவங்களுக்குக் கோயில் அடையாளம். ரெண்டும் உண்மை. இந்த மாதிரி இடத்தில ரெண்டையும் எழுதினோம். அதிகம் பேர் சொன்னது முதல் பேர், மற்றது மாற்றுப் பேர். எண்ணை எண் கட்டத்தில வச்சோம், தோட்டத்துப் பதிவோட ஒத்துப் பார்க்க அதுவும் வேணும்.

ஆனா சில லயத்துக்கு வேற மாதிரிப் பேர். கங்காணி காலத்தில சாதி பார்த்துச் சனத்தைக் குடியமர்த்தினாங்க. அந்தச் சாதிப் பேர் இன்னும் சில லயத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கு. பக்கத்து லயத்துக்காரங்க சாதாரணமாச் சொல்லுவாங்க. அந்த லயத்திலேயே இருக்கிற ஒரு தங்கச்சி, எங்க வயசுதான், பேப்பரைப் பார்த்துட்டு ஒன்னும் பேசல. எங்களுக்குள்ள பெரிய வாக்குவாதம். உள்ளதை உள்ளபடி பதியிறதுதான் வரைபடம், மறைச்சா சாதி இல்லைன்னு பொய் சொல்ற மாதிரின்னு ஒரு பக்கம். எழுதினா இன்னைக்கு வாயில இருக்கிறது நாளைக்கு போன்ல வரும், வேலைக்கு விண்ணப்பம் போடுறவளோட விலாசத்தில வரும்னு இன்னொரு பக்கம். ரெண்டுக்கும் நியாயம் இருந்துச்சு.

இதில தொழில்நுட்பமும் ஒரு பதில் சொல்லுச்சு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல ஒரு தரம் ஏத்தினா, பிறகு மாத்தினாலும் பழைய பதிப்பு வரலாற்றில நிக்கும், யாரும் பார்க்கலாம். தரவை யாரும் நகல் எடுத்துப் போகலாம். அழிக்கிறதுங்கிற பேச்சே அங்க கஷ்டம். அப்ப முடிவு ஏத்துறதுக்கு முதல்ல எடுக்கணும். எடுத்தோம்: ஒரு லயத்தோட பேரை அந்த லயத்தில இருக்கிறவங்கதான் சொல்லணும். பக்கத்து லயம் சொல்ற பேர் செல்லாது. அங்க இருக்கிற ஒருத்தரையாவது நோகடிக்கிற பேர் எந்தக் கட்டத்திலயும் வராது, மாற்றுப் பேர்லயும் வராது. வேற பேர் கிடைக்கலன்னா எண் மட்டும். குடும்பப் பேர், வீட்டில எத்தனை பேர்ங்கிற விவரம் வரைபடத்தில இல்ல. சாதி இருந்ததையும் இருக்கிறதையும் கட்டுரையா எழுதலாம், எழுதணும். அது ஒருத்தியோட விலாசமா இருக்க வேண்டியதில்ல.

சில இடத்தில இன்னும் எண்தான் நிக்குது. ஒரு லயத்தில பிள்ளைகள் கூடிப் புதுசா ஒரு பேர் வச்சு எங்களுக்குச் சொல்லி அனுப்பினாங்க. பெரியவங்க ஒத்துக்கிட்டா மாத்துவோம்னு சொல்லியிருக்கோம். பேச்சு நடக்குது.

கடைசியா, மழை நாள்ல சிக்னல் இருக்காது, கரண்டும் இருக்காது. அதனால ஒவ்வொரு கணக்குக்கும் கியூஜிஐஎஸ்ல ஒரு ஏ3 தாள் அடிச்சோம். தாள்ல ஜூம் கிடையாது, மறைக்கிற வித்தையும் கிடையாது. எல்லாப் பேரும் ஒரே நேரத்தில நிக்கணும். அதுதான் உண்மையான சோதனை. தமிழ் மேல, சிங்களம் கீழ, ஒரே அளவு. எழுத்தைச் சுத்தி வெள்ளை விளிம்பு, சிவப்பு நிறத்து மேலயும் வாசிக்க வரணும். தாளை லேமினேட் பண்ணி பிள்ளைக்காம்பராவிலயும் கோயில் மண்டபத்திலயும் ஒட்டினோம். ஒட்டின அன்னைக்கே ஒரு சின்னப் பையன் விரலை வச்சு, “இது எங்க லயம்”னு வாசிச்சான். பக்கத்தில இருந்தவங்க விரலும் வந்துச்சு. கொஞ்ச நேரத்தில ரெண்டு பேர் திருத்தம் சொன்னாங்க. பேனா கொடுத்தோம்.

உங்க தோட்டத்திலயும் இதைச் செய்யலாம். கொம்ப்யூட்டர் உடனே வேணும்னு இல்ல. ஒரு கொப்பி எடுத்து, இந்த மலைக்கு என்ன பேர், இந்த ஓடைக்கு என்ன பேர், முன்ன மண்ணு விழுந்த இடம் எதுன்னு வயசானவங்ககிட்ட கேட்டு எழுதி வைங்க. யார் சொன்ன பேர்ங்கிறதையும் பக்கத்தில எழுதுங்க. கோடு பிறகு எழுதிக்கலாம், அதுக்கு நாங்க வர்றோம். மழைக்காலம் தொடங்குறதுக்கு முதல்ல எழுதினா நல்லது.